ஃபயர்வால் மீது விழும் பழி

வீட்டில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைய முடியாதபோது, கணினிக் கடைகளிலும் யூடியூப் காணொளிகளிலும் பல ஆண்டுகளாகக் கிடைக்கும் பதில் ஒன்றே: "ஃபயர்வாலை ஆஃப் பண்ணுங்க, கனெக்ட் ஆகிடும்." 2004இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக், ஃபயர்வாலைத் தானாகவே இயங்கவைத்தது. அதன்பிறகு எது இணையாவிட்டாலும் பழி அதன் தலையில்தான். இந்த யோசனை பெரும்பாலும் தவறு, எப்போதும் ஆபத்தானது.

முதலில், செட்டிங்ஸில் ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கும்போதே அதற்கான ஃபயர்வால் விதிகளை விண்டோஸ் தானே திறந்துவிடுகிறது. ஆண்டிவைரஸுடன் வரும் வேறு ஃபயர்வால் குறுக்கே நின்றால், ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389ஆம் போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

இணைப்பு தோற்றதும் விண்டோஸ் காட்டும் பிழைச் செய்தியை யாரும் படிப்பதில்லை. அது மூன்று காரணங்களைச் சொல்கிறது: அந்தக் கணினியில் ரிமோட் அணுகல் இயக்கப்படவில்லை, கணினி அணைந்திருக்கிறது, அல்லது நெட்வொர்க்கில் அது கிடைக்கவில்லை. ஃபயர்வால் என்ற சொல்லே அந்தப் பட்டியலில் கிடையாது.

வீட்டுக் கணினிகளைப் பொறுத்தவரை முதற்காரணமே முக்கியமானது. வீட்டுக்கு வாங்கும் மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது விண்டோஸ் ஹோம் பதிப்பு. ஹோமிலிருந்து பிற கணினிக்குள் போகலாம். பிறர் ஹோமுக்குள் வர முடியாது. வருகிறவரை ஏற்கும் வசதி புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கு மட்டுமே உண்டு. ஹோம் கணினியில் 3389இல் அழைப்பை ஏற்க எதுவும் இயங்குவதில்லை. அங்கே ஃபயர்வாலை அணைப்பது, ஆளில்லாத வீட்டின் கதவைத் திறந்து வைப்பது போலத்தான்: விருந்தாளியை வரவேற்க ஒருவரும் இல்லை, திருடனுக்கோ தடையே இல்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் பக்கத்தைத் திறந்தால் பதிப்பின் பெயர் தெரிந்துவிடும். அரை நிமிட வேலை. அதைப் பார்க்கச் சொல்லாமல் பாதுகாப்பை அணைக்கச் சொல்வது பொறுப்பின்மை. ஹோம் வைத்திருப்பவர் புரோவுக்கு மாறலாம், அல்லது குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற வேறு செயலிக்குப் போகலாம்.

இரண்டாவது, தூக்கநிலைக்குப் போன கணினி பதில் சொல்லாது. மூன்றாவது, ரௌட்டர் கொடுக்கும் முகவரி மாறக்கூடியது: நேற்று 192.168.1.5 ஆக இருந்தது இன்று வேறாகலாம். கணினியின் பெயரைக் கொண்டு இணைத்தாலோ, ரௌட்டரில் முகவரியை ஒதுக்கி வைத்தாலோ தீர்ந்தது.

"பிங் போகவில்லை, ஆகவே ஃபயர்வால்தான்" என்பதும் செல்லாது. பிங் பயன்படுத்துவது ஐசிஎம்பி. ரிமோட் டெஸ்க்டாப் இணைவது டிசிபி வழியாக. முன்னது அடைபட்டிருக்கும்போதே பின்னது திறந்திருக்கலாம். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையோடு 3389 என்ற எண்ணையும் கொடுத்துச் சோதிப்பதே சரி.

கடவுச்சொல் தவறு என்று செய்தி வந்தால், ஃபயர்வாலைத் தாண்டியாயிற்று என்று பொருள். விண்டோஸின் நான்கு இலக்க பின் அங்கே செல்லாது. கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் இயல்பாகவே மறுக்கிறது.

இதே குரல்கள், வெளியூரிலிருந்து இணைவதற்காக ரௌட்டரில் 3389ஐத் திறந்துவிடச் சொல்கின்றன. 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற பாதுகாப்புக் குறை, கடவுச்சொல்லே இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியே விண்டோஸ் 7 கணினிக்குள் நுழைய வழிவிட்டது. ஆபத்து எவ்வளவு பெரியது என்றால், 2014இலேயே ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. போர்ட் எண்ணை மாற்றி வைப்பதும் காப்பாற்றாது. எல்லா எண்களையும் துழாவும் நிரல்கள் இணையத்தில் ஓயாமல் ஓடுகின்றன. வெளியிலிருந்து வர வேண்டியவர் வயர்கார்ட் போன்ற விபிஎன் வழியாக வரட்டும்.

யாரோ சொன்னார்கள் என்று ஃபயர்வாலை அணைத்தவர்கள், இன்றே அதை மறுபடி இயக்கிவிட வேண்டும்.