கண்ணுக்குத் தெரியாத புயல்

ஈப்போவில் உள்ள சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் அளவில் சிறியது. பெரிய விமான நிலையங்களில் இருப்பதைப் போல, விமானக் கதவுவரை நீளும் மூடிய நடைபாலம் இங்கு இல்லை. பயணிகள் முனையத்தை விட்டு வெளியே வந்து, திறந்தவெளியில் நடந்து, படியேறி விமானத்தை அடைகின்றனர். குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகாமல் நடக்கும்படி பணியாளர்கள் கையசைத்து வழிகாட்டுகின்றனர். பெரும்பாலோர் கீழ்ப்படிகின்றனர். ஆனால், அந்தப் பாதையை விட்டு ஏன் விலகக் கூடாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கட்டளையை மட்டும் கூறிக் காரணத்தைக் கூறாமல் விடுவது முழுமையான பாதுகாப்பு ஆகாது.

ஜெட் இயந்திரம் முன்புறமாகக் காற்றை உள்ளிழுக்கிறது. அக்காற்றை அழுத்தி, எரிபொருளுடன் சேர்த்து எரித்து, பின்புறமாக மிகுந்த விசையுடன் வெளியேற்றுகிறது. பின்னோக்கிப் பாயும் காற்றின் எதிர்விசையே விமானத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. இயந்திரத்திற்கு மிக அருகில் இக்காற்றின் வேகம் மணிக்கு 118 கிலோமீட்டரைத் தாண்டக்கூடும். அது சூறாவளிக் காற்றின் வேகமாகும். மேலும், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது ஒருவர்மீது செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. எனவே, வேகத்தில் ஏற்படும் சிறிய உயர்வும் பெரிய ஆபத்தாக மாறிவிடுகிறது.

விமானம் ஓடுபாதையில் பாய்ந்து செல்லும்போது மட்டுமே இந்த ஆபத்து உண்டு எனப் பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம். நின்றுகொண்டிருக்கும் விமானத்தின் இயந்திரம் குறைந்த வேகத்தில் இயங்கினாலும், அதன் பின்னே பல மீட்டர் தூரத்திற்கு ஆபத்து உண்டு. நின்ற விமானம் நகரத் தொடங்குவதற்குக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. அந்தக் கணத்தில் பின்புறக் காற்றும் வலுக்கிறது. விமானம் திரும்பும்போதோ, அக்காற்று துடைப்பம்போல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு வீசிச் செல்கிறது. சற்று முன்புவரை அமைதியாக இருந்த இடம் மறுநொடியே ஆபத்தான இடமாகிவிடுகிறது. சிறு கற்களும் பைகளும் பறக்கின்றன. சக்கரம் பொருத்திய வண்டிகள் தாமாகவே உருளுகின்றன.

காற்றின் வலிமையை உணர்த்தும் துயர நிகழ்வுகள் உலகில் நடந்துள்ளன. கரீபியன் தீவான செயிண்ட் மார்ட்டினில், ஓடுபாதையின் வேலிக்கு அருகே ஒரு கடற்கரை இருக்கிறது. புறப்படும் விமானத்தின் காற்றை அனுபவிக்கச் சுற்றுப்பயணிகள் அவ்வேலியைப் பற்றிக்கொண்டு நிற்பது வழக்கம். 2017ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், நியூசிலாந்தைச் சேர்ந்த பெண் ஒருவர் அக்காற்றால் தூக்கி எறியப்பட்டு உயிரிழந்தார். எச்சரிக்கைப் பலகை அங்கு இல்லாமல் இல்லை. காற்றுதானே என்ற அலட்சியம் அந்தப் பலகையை வென்றுவிட்டது.

இயந்திரத்தின் முன்புறமும் ஆபத்தானதே. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், மும்பை விமான நிலையத்தில் ஐதராபாத்திற்குப் புறப்படவிருந்த விமானத்தின் அருகே பணியில் இருந்த தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர், இயந்திரத்தால் உள்ளிழுக்கப்பட்டு மாண்டார். விமானங்களைப் பற்றி நன்கு அறிந்தவருக்கே இந்நிலை என்றால், ஆண்டுக்கு ஒரு முறை பயணம் செய்பவரின் நிலை என்ன?

இக்கேள்வி பேராக் மாநிலத் தமிழர்களுக்கு நெருக்கமானது. சுங்கை சிப்புட் போன்ற வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பலர் இன்று முதுமை அடைந்துள்ளனர். பிள்ளைகள் வேலைக்காகச் சிங்கப்பூருக்கோ தூர நகரங்களுக்கோ சென்றுவிட, அவர்களைக் காண இம்முதியவர்களும் விமானம் ஏறுகின்றனர். மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் அறிவிப்பு அவர்களுள் சிலருக்குப் புரியாமல் போகலாம். ஆயினும், காற்றின் வலிமையை அவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. புயலடித்த மறுநாள், பால்மரங்கள் முறிந்து கிடப்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டவர்கள். “மரத்தை முறிக்கும் அதே காற்றுதான் விமானத்தின் பின்னாலும் வீசுகிறது, மழையும் இருக்காது, மேகமும் இருக்காது” என்று பேரப்பிள்ளை ஒரு வரியில் சொன்னால் போதும். அவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

பயணிகள் கீழ்ப்படிந்தால் போதும், விளக்கம் சொல்வது நேரத்தை வீணாக்கி அச்சத்தை உண்டாக்கும் எனச் சிலர் வாதிடலாம். இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், காரணம் அறியாத கீழ்ப்படிதல் நீடிப்பதில்லை. பறந்த தொப்பியைப் பிடிக்கக் குழந்தை ஓடுகிறது. படம் எடுப்பதற்காக இளைஞர் ஒருவர் நான்கு அடி விலகி நிற்கிறார். பணியாளரின் பார்வை ஒரு கணம் வேறு பக்கம் திரும்பினால், கட்டளை அங்கே பயனற்றுப் போகிறது. காரணம் தெரிந்தவரோ, எவரும் பார்க்காத போதும் பாதையை விட்டு விலகமாட்டார்.

மூடிய நடைபாலம் அமைத்தால் சிக்கல் தீரும் என்போரும் உளர். அதற்குப் பெரும் செலவாகும். அதுமட்டுமன்று, பெட்டிகளை ஏற்றுபவரும் எரிபொருள் நிரப்புபவரும் விமானத்திற்கு வழிகாட்டுபவரும் அப்போதும் வெளியில்தான் நிற்பார்கள். விமானத்தை விரைவாக அனுப்ப வேண்டும் என்ற அவசரம் அவர்களின் தலைக்குமேல் தொங்கும் கத்தியாகும். விமானத்தின் மேலும் கீழும் மின்னும் சிவப்பு விளக்கு, இயந்திரம் இயங்குகிறது அல்லது இயங்கப்போகிறது என்பதன் அடையாளம். அது அணையும்வரை எவரும் இயந்திரத்தை நெருங்கக் கூடாது. சில நிமிடத் தாமதத்திற்கு அஞ்சி இவ்விதியைத் தளர்த்துவது, ஓர் உயிரைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே, வெளியேறும் வாயிலில் படத்துடன் கூடிய எளிய விளக்கப் பலகை வைக்கப்பட வேண்டும். அதில் தமிழும் சீனமும் இடம்பெற்றால் முதியோர் பலர் பயன் பெறுவர். அருகிலுள்ள விமானத்தின் சிவப்பு விளக்கு மின்னும்போது, பயணிகளை வாயிலிலேயே சற்று நிறுத்தி வைப்பதும் நன்று. இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. அறிவியல் பாடத்தில் படித்த விசையையும் எதிர்விசையையும் தாத்தா பாட்டிக்குப் புரியும் சொற்களில் எடுத்துரைப்பது, தேர்வுத் தாளில் எழுதும் விடையைவிடப் பயனுள்ளது. வருமுன் காப்பதற்கு விதி வேண்டும். அந்த விதி நிலைப்பதற்கு விளக்கம் வேண்டும்.