கண்ணாடிப் பிம்பம் காப்பாகுமா?

உங்கள் வீட்டில் ஒதுக்கிப் போட்ட பழைய கணிப்பொறி ஒன்று இருக்கிறதா? அதில் லினக்ஸை நிறுவி, பெரிய வன்தட்டு ஒன்றைப் பொருத்தி, இரவு பகலாக ஓடவிட்டால் அதுவே வீட்டு சர்வர். வீட்டிலுள்ளோர் எல்லாருடைய கைபேசிப் படங்களும் தாமாகவே அதில் வந்து சேரும்படி செய்யலாம். 2012-இல் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்னும் கையடக்கக் கணிப்பொறிகூட இதற்குப் போதும். மாதச் சந்தா கிடையாது. மாணவ நண்பர்களே, நீங்கள் இதை அவசியம் செய்து பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அம்மாவின் கைபேசியிலிருந்து படங்களை அழித்துவிட்டு, "எல்லாம் சர்வரில் பத்திரமாக இருக்கிறது" என்று சொல்லும் முன் சற்றுப் பொறுங்கள்.

வன்தட்டு எப்படி வேலை செய்கிறது என்று அறிவீர்கள் அல்லவா? பளபளப்பான தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல் ஒரு முனை, சில நானோமீட்டர் உயரத்தில், தொடாமல் மிதந்தபடி படிக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர்! இத்தகைய பொறி என்றாவது ஒருநாள் நின்றுபோவதில் வியப்பில்லை. சுழலும் பாகம் இல்லாத நினைவு அட்டைக்கும் எழுதி அழிக்க ஒரு வரம்பு உண்டு.

அப்படியானால் இரண்டு தட்டுகளைப் பொருத்தி, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதச் செய்தால் என்ன? நல்ல யோசனைதான். பல தட்டுகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் இம்முறைகளை வகைப்படுத்தி 'ரெய்டு' என்று பெயரிட்டு, 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் கட்டுரை எழுதினார்கள். ஒரு தட்டு கெட்டால் மற்றது வேலையைத் தொடரும். ஆனால் பலரும் ஏமாறும் இடம் இதுவே. கண்ணாடி முன் நின்று மீசையை மழித்தால் பிம்பத்தின் மீசையும் போய்விடும் அன்றோ? ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், அக்கணமே இரண்டு தட்டிலும் அது அழியும். ரெய்டு தரும் பயன், சர்வர் நிற்காமல் ஓடுவது. அதைக் காப்புப் பிரதி என்று அழைப்பதை நான் ஒப்பமாட்டேன்.

காப்புப் பிரதி எடுத்தும் கெட்டவர்கள் உண்டு. கிட்லேப் என்னும் நிறுவனத்தின் கதையைக் கேளுங்கள். 2017 ஜனவரி 31 அன்று அவர்களுடைய இரண்டாம் சர்வர், முதன்மை சர்வரோடு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கிவிட்டது. இரண்டாவதைத் துடைத்துவிட்டு மறுபடி பிரதி எடுக்க முனைந்த பொறியாளர், முதன்மை சர்வரிலேயே அழிப்புக் கட்டளையைத் தட்டிவிட்டார். ஓரிரு வினாடிகளில் விழித்துக்கொண்டு நிறுத்தினார். ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் எஞ்சியது 4.5 ஜிகாபைட்!

சரி, அன்றாடக் காப்புப் பிரதியை எடுப்போம் என்று பார்த்தால், அந்த இடம் காலி. ஏன் தெரியுமா? தரவுத்தளம் 9.6-ஆம் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. பிரதி எடுக்கும் நிரலோ 9.2-ஆம் பதிப்பு. பதிப்பு பொருந்தாததால் அது ஒவ்வொரு நாளும் பிழை காட்டி நின்றிருக்கிறது. பிழையை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக எடுத்துவைத்த பிரதி ஒன்றுதான் கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை ஒளிக்காமல் உலகறிய எழுதிவைத்தார்களே, அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, "புதுப்பித்தால்தானே வம்பு, பதிப்பை மாற்றாமலே இருந்துவிடலாம்" என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் ஆபத்தே. அதே 2017-இல் மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னக்ரை என்னும் நச்சு நிரல், விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியே நுழைந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவும் தடுமாறின. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. இரண்டு மாதச் சோம்பல்! ஆகவே இயக்க முறைமைக்கு வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தாமாகவே நிறுவ விட்டுவிடுங்கள். படங்களையும் தரவுத்தளத்தையும் ஆளும் செயலிகளுக்கோ, முதலில் மாற்றக் குறிப்பைப் படித்து, பிரதி எடுத்து, பிறகே புதுப்பியுங்கள்.

பிரதி எங்கே இருக்க வேண்டும்? மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்று ஒரு வாய்பாடு உண்டு. பீட்டர் கிராக் என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் பரப்பியது. மூன்றில் கடைசியைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி சர்வர் நிலையம் தீயில் அழிந்தபோது, மூலத்தையும் பிரதியையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். உங்களுக்குச் சித்தப்பா வீட்டு அலமாரி போதும். இணையம் வழியே அனுப்பலாமே என்கிறீர்களா? கணக்குப் போடுங்கள். 1 டெராபைட் என்பது 8 லட்சம் கோடி பிட். வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 8 லட்சம் வினாடி, அதாவது ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். முதல் தடவை தட்டைப் பையில் போட்டுப் பேருந்தில் எடுத்துச் செல்வதே விரைவு!

இனி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சோதனை ஒன்று. பிரதித் தட்டிலிருந்து ஏதேனும் ஐம்பது கோப்புகளைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் தேர்ந்து, வேறொரு கணிப்பொறியில் மீட்டெடுங்கள். மூலத்துக்கும் மீட்டதற்கும் 'எஸ்எச்ஏ-256' கணக்கிட்டால் 64 எழுத்துள்ள சரம் கிடைக்கும். ஒரு பிட் மாறியிருந்தாலும் சரம் வேறாகிவிடும். ஐம்பதும் ஒத்துவந்தால் அன்றைய தேதியைத் தட்டின்மேல் எழுதி ஒட்டுங்கள். அம்மாவின் கைபேசியில் கைவைப்பது அதற்குப் பிறகு.