கணக்கு அவள் பெயரில், செய்தியோ அயன்மொழியில்!

வெண்ணந்தூர்ப் பக்கம் தார் சுற்றியும் பாவு பிணைத்தும் உழைக்கும் மகளிர்க்குக் கூலிக்கணக்கு விரல்நுனியில் நிற்கும். அத்தகையார் தம் கைப்பேசியில் வந்து விழும் வைப்பகச் செய்தியைப் படிக்கப் பள்ளிச் சிறுவனைத் தேடுவானேன்? செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றது, அதுவே கரணியம்! மறைஎண்ணையும் அவனிடமோ அண்டை வீட்டாரிடமோ சொல்லிவிட்டபின், கணக்கு எவருடையது?

2023 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கி, ஒரு கோடிக்கு மேற்பட்ட மகளிர்க்குத் திங்கள் 1,000 உரூபாவை அவரவர் வைப்பகக் கணக்கிலேயே செலுத்தலாயிற்று. தொடக்கத்திலேயே சில வைப்பகங்கள், குறைந்த அளவு இருப்பு இல்லையென்று அத்தொகையில் கைவைத்தன, அரசு கண்டித்தது. பிடித்தது எதற்கென்று தமிழில் சொல்லாதவிடத்து, இழந்தவள் எவ்வாறு வழக்காடுவாள்?

பொத்தான் பேசி வழியாகவும் பணம் அனுப்பும் ஏந்து 2022 மார்ச்சில் வந்தது, நன்றே. ஆயின், 2023-இல் குரலாலேயே பணம் செலுத்தும் முறையை அறிவித்தபொழுது இந்தியும் ஆங்கிலமுமே முதலிடம் பெற்றன. ஏனைய மொழிகளுக்குப் 'பின்னர்' என்றனர். எழுத்தறியா மூதாட்டிக்கன்றோ குரல்வழி முதலில் வேண்டும்? அவள் எம்மொழியில் பேசுவாள்? கென்யாவில் 2007-இல் தோன்றிய கைப்பேசிப் பணத்தின் பெயரிலேயே சுவாகிலிச் சொல் உண்டு. 'பெசா' எனில் பணம்.

வாடிக்கையாளர்க்கான வைப்பகப் படிவங்கள் வட்டார மொழியிலும் இருத்தல் வேண்டுமென்பது சேம வைப்பகம் வகுத்த நெறியே. தாளுக்கு உள்ள அந்நெறியைக் கைப்பேசித் திரைக்கும் நீட்டுமாறு, கணக்கு வைத்துள்ள மகளிர் ஒவ்வொருவரும் தத்தம் வைப்பகக் கிளைக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பாராக! எழுதித்தர, ஊரிலுள்ள தமிழன்பர் துணைநிற்க.