ஜாடி உடைந்த சனிக்கிழமை

சிம்பாங் பூலாயில் குடியிருப்பவர்களுக்குத் தூசியைப் பற்றி யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள், குவாரிகள், பளிங்குக்கல் அறுக்கும் தொழிற்சாலைகள். காலையில் துடைத்த சன்னல் விளிம்பில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். கணவன், மனைவி இருவரும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பினால், துடைப்பத்தை யார் எடுப்பது? அதனால்தான் எங்கள் தாமானில் பல வீடுகளுக்கு வாரம் ஒருமுறை துப்புரவு செய்ய யாராவது வருகிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு வருபவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. பிறந்து வளர்ந்தது தோட்டத்தில். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமாகிவிட, எங்கள் குடும்பத்தைப் போலவே வெளியே வந்தவர். சனிக்கிழமை நான்கு மணி நேர வேலை, 60 வெள்ளி. மூன்று வருடமாக ஒரு குறை சொன்னதில்லை. போன மாதம்தான் அது நடந்தது.

சமையல்கட்டில் மேல் தட்டில் ஒரு ஊறுகாய் ஜாடி இருந்தது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை, பெரிய பீங்கான் ஜாடி. என் பாட்டி கப்பலில் வந்தபோது துணி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தது. நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. அக்கா வேலையை முடித்தார், காசு வாங்கினார், "வரேன் தங்கச்சி" என்று வழக்கம்போல் போனார். மாலையில் கேஸ் மாற்ற சிங்க்குக்குக் கீழே குனிந்தபோது, தோம்புக்குப் பின்னால் நாளிதழில் சுற்றி ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் ஜாடி. எட்டு, பத்துத் துண்டு.

உடைந்தது ஒரு வலி. மறைத்தது வேறொரு வலி. உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் என்னை எரித்தது. "50 வெள்ளி கழிச்சிடு, அப்பத்தான் அடுத்த தடவை கவனமா இருப்பாங்க" என்றார் கணவர். நானும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். அனுப்பும் விரல்தான் பாக்கி.

கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஜாடி அவருடைய அம்மாவின் ஜாடி. கோபப்பட உரிமை அவருக்குத்தான் அதிகம். ஆனால் அவர் ஜாடியைப் பற்றிப் பேசவில்லை, மங்கைப் பற்றிப் பேசினார். பால்மரத்தில் கட்டும் மங்கு, அந்தக் காலத்துப் பீங்கான் மங்கு. மழை ஈரத்தில் கை வழுக்கினால் உடையும்.

"உடைஞ்சா கிராணிகிட்ட போய்ச் சொல்ல எங்களுக்கு என்ன பைத்தியமா? துண்ட புதருக்குள்ள வீசிட்டு, பக்கத்து நிரையில ஒன்ன எடுத்து மாட்டிடுவோம். அங்க வெட்டுறவ மறுநாள் வந்து அவ மங்க தேடுவா. நான் தெரியாத மாதிரி நிப்பேன்" என்றார் அம்மா. "சொல்லியிருந்தா ஏசுவாங்க, காசு போயிடுமோங்கிற பயம் வேற. அந்தப் பயத்துல நான் திருடியானேன்."

முப்பது வருடம் பால் வெட்டிய என் அம்மா இந்தக் கதையை அதுவரை எங்களிடம் சொன்னதில்லை. நான் தட்டியதை அழித்துவிட்டேன்.

பீங்கான் உடைவது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் 2004ஆம் ஆண்டு மே மாதத்து நாளிதழ்களை நினைத்துப் பார்க்கலாம். இந்தோனேசியாவின் கூப்பாங் பகுதியிலிருந்து கோலாலம்பூருக்கு வீட்டு வேலைக்கு வந்த நிர்மலா போனாட் என்ற 19 வயதுப் பெண்ணின் படம் முதல் பக்கங்களில் வந்தது. முதுகிலும் மார்பிலும் சூட்டுக் காயங்கள். கொடுமை தொடங்கியது, கழுவும்போது தவறுதலாக ஒரு குவளை உடைந்த நாளில் என்று அவர் சொன்னார். முதலாளியம்மாவுக்கு 2008இல் 18 ஆண்டு சிறை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 12 ஆண்டாகக் குறைந்தது. நம் வீடுகள் அப்படியல்ல, தெரியும். ஆனாலும் அடுத்தவர் வீட்டுச் சமையல்கட்டில் நின்று பாத்திரம் கழுவும் பெண்ணுக்குக் கையிலிருந்து ஒன்று நழுவும் அந்த நொடியில், எதிரே வரப்போவது எந்த மாதிரி முகம் என்று தெரியாது.

சம்பளத்தில் கழிக்கலாமா என்ற கேள்விக்குச் சட்டமும் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, முதலாளி எதையெல்லாம் கழிக்கலாம் என்று பட்டியல் போடுகிறது. தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், முன்பணம், வேறு சட்டங்கள் அனுமதிப்பவை என்று போகிறது. உடைந்த தட்டு, ஜாடி அதில் இல்லை. வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் பணியாளரின் சம்பளத்தில் "கிளாஸ் 15 வெள்ளி, இஸ்திரிப் பெட்டி 80 வெள்ளி" என்று நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதும் வழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எங்கள் அக்காவைப் போல மணிக்கணக்கில் பல வீடுகளுக்குப் போகிறவர் இந்தச் சட்டத்துக்குள் வருவாரா என்பது வக்கீல்கள் பேசட்டும். என் கணக்கு எளிது: 60 வெள்ளிக்கு வருபவரிடம் 50 வெள்ளி கழித்தால், அவர் எனக்கு 10 வெள்ளிக்கு வேலை செய்திருக்கிறார். நானே உடைத்த டம்ளர்களுக்கு என் சம்பளத்தில் யாரும் கழித்ததில்லை.

துப்புரவுக் கம்பெனியை அமர்த்தியிருந்தால் கதை வேறு. அங்கே நீங்கள் பயனீட்டாளர். நியாயமான கவனத்தோடும் திறமையோடும் சேவை தர வேண்டும் என்பதை 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உறுதி செய்கிறது. உடைந்ததை அன்றே படம் எடுங்கள், கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள், வக்கீல் வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கோபம் கம்பெனியோடு இருக்கட்டும். வந்து துடைத்த பிள்ளையை வாசலில் நிறுத்தி ஏச வேண்டாம்.

இன்னொன்று. பழுதானதெல்லாம் துடைத்தவர் குற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் பளிங்கு மேசை இல்லாத வீடு குறைவு. பக்கத்துத் தெரு ஆன்ட்டி ஒருவர், வேலைக்கு வந்த பெண் மேசையைக் கெடுத்துவிட்டாள் என்று ஒரு மாதம் புலம்பினார். நடந்தது என்ன? கழிவறை கழுவும் அமிலத்தைப் பெயர் ஒட்டாத போத்தலில் ஊற்றி வைத்தவர் ஆன்ட்டி. பளிங்கு சுண்ணாம்பு வகைக் கல். அமிலம், வினிகர், ஏன் எலுமிச்சைச் சாறு பட்டால்கூட அரித்துப் பளபளப்புப் போய்விடும். ஈரத் துணியும் கொஞ்சம் சாதாரண பாத்திர சோப்பும் போதும். அதே அமிலத்தைக் குளோரோக்ஸோடு கலந்திருந்தால் விஷவாயு வந்திருக்கும். மேசை போனதோடு தப்பித்தோம் என்று அவரிடம் சொன்னேன், பிடிக்கவில்லை.

கை வெட்டுப்பட்டால் என்ன செய்வீர்கள் என்றும் யோசித்து வையுங்கள். வீட்டில் வேலைக்கு வைத்திருக்கும் பணியாளர்களுக்கு 2021 ஜூன் 1 முதல் பெர்கேசோ பாதுகாப்பு உண்டு. பதிவு செய்வது முதலாளியின் பொறுப்பு. உடைந்ததைப் பார்த்ததும் முதலில் ஜாடியின் விலையைக் கேட்கிறோமா, கையைப் பார்க்கிறோமா? நான் அன்று மாலை முழுவதும் பொட்டலத்தைத்தான் பார்த்தேன். துண்டுகளைப் பொறுக்கிய அக்காவின் விரலைப் பற்றி நினைக்கவே இல்லை.

திரும்பத் திரும்ப உடைத்தால்? அலட்சியமாக இருந்தால்? வேலைக்கு வேண்டாம் என்று நேராகச் சொல்லி, அன்றைய காசை முழுதாகக் கொடுத்து அனுப்பலாம். அதில் தவறில்லை. பாட்டி ஜாடி போல மாற்றே இல்லாத பொருளை நாமே துடைக்க வேண்டும், அல்லது எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். அதை மேல் தட்டின் ஓரத்தில் வைத்தது நான்.

அடுத்த சனிக்கிழமை அக்கா வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அம்மாதான் "வா, போய்ப் பாத்துட்டு வருவோம்" என்று கிளம்பினார். கதவைத் திறந்த அக்காவின் முகம் வெளிறிப்போனது. இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி. உள்ளே போய் ஒரு கடித உறையோடு வந்தார். உள்ளே 40 வெள்ளி. "மிச்சத்த அடுத்த மாசம் குடுத்துடறேன் தங்கச்சி."

அம்மா உறையை அவர் கையிலேயே திணித்தார். பிறகு இருவரும் எந்தத் தோட்டம், எத்தனாவது லயம், யார் கங்காணி என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினார்கள். நான் ஓரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போதுதான் எனக்கு வாய் வந்தது. "அக்கா, இனிமே எது உடைஞ்சாலும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. காசு கழிக்க மாட்டேன். மறைச்சாத்தான் எனக்கு வருத்தம்." மூன்று வருடத்துக்கு முன், முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

போன சனிக்கிழமை நான் மாடியில் இருந்தேன். கீழே சமையல்கட்டிலிருந்து ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து அக்காவின் குரல்: "தங்கச்சி, கிளாஸ் ஒன்னு போச்சு! அங்கேயே இரு, கூட்டிட்டுக் கூப்பிடறேன், செருப்பு இல்லாம வராத!"