வறண்ட அணையின் சேற்றில் உறங்கும் உயிர்கள்

2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மராத்வாடாப் பகுதியிலுள்ள லாத்தூர் நகருக்கு மீரஜிலிருந்து ரயில் வண்டியில் குடிநீர் கொண்டுசெல்ல நேரிட்டது. அந்நகருக்கு நீரளித்து வந்த மாஞ்ரா நீர்த்தேக்கம் வறண்டதே இதற்குக் காரணம். இத்தகைய காலங்களில் நீர்மட்டத்தை நாள்தோறும் அளக்கிறோம். வெடித்துக் கிடக்கும் சேற்றையோ எவரும் பொருட்படுத்துவதில்லை. இது சரியன்று.

அச்சேறு உயிரற்ற மண்ணன்று. ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் நழுவி, மிக நுண்ணிய சல்லடையில் தங்கிவிடும் சிற்றுயிர்கள் அதில் வாழ்கின்றன. நூற்புழுக்கள், சக்கரவுயிர்கள், இரட்டை ஓடுடைய ஆஸ்ட்ரகோடுகள், கோபிபோடுகள், நீர்க்கரடிகள் ஆகியவை இவற்றுள் அடங்கும். 1942இல் மோலி மேர் என்ற விஞ்ஞானி இக்கூட்டத்திற்குத் தனிப்பெயர் சூட்டினார். பாக்டீரியாக்களையும் பாசியையும் மட்கிய பொருள்களையும் இவை உண்கின்றன. மீன்குஞ்சுகளுக்கு இவையே இரையாகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை சேற்றின் மேற்பரப்பில் சில சென்டிமீட்டர் ஆழத்திற்குள்ளேயே வாழ்கின்றன.

வறட்சி இவற்றைப் படிப்படியாகத் தாக்குகிறது. நீர் சுருங்கச் சுருங்க உப்பும் உரச்சத்துக்களும் செறிவடைகின்றன. பாசி பெருகி மடிகிறது. அது அழுகும்போது அடித்தளத்தில் பிராணவாயு குன்றுகிறது. கோபிபோடுகளுள் பல இந்நிலையைத் தாங்குவதில்லை. நூற்புழுக்களுள் சில தாங்குகின்றன. எனவே வகைகள் குறைந்து, வன்மை மிக்க சிலவே எஞ்சுகின்றன.

சேறு முற்றும் காய்ந்த பின்னரும் உயிர் முழுவதும் அற்றுப்போவதில்லை. சில சக்கரவுயிர்களும் நூற்புழுக்களும் தம் உடல்நீரை இழந்து உறங்குகின்றன. நீர் பட்டதும் மீண்டும் அசைகின்றன. கூரைத் தாழ்வாரத்தில் படிந்த உலர்ந்த தூசியில் இவ்வியப்பை லீவன்ஹூக் 1702இலேயே கண்டு எழுதினார். ஆஸ்ட்ரகோடுகள் பல, வறட்சியைத் தாங்கும் முட்டைகளை மண்ணில் விட்டுச் செல்கின்றன. ஆகவே வறண்ட சேறு ஒரு விதைக் களஞ்சியம் எனலாம்.

இங்குதான் கவனம் தேவைப்படுகிறது. வறண்ட காலமே தூர் வாருவதற்கு வாய்ப்பான காலம். 2017இல் மகாராஷ்டிர அரசு தொடங்கிய திட்டம், அணைகளின் வண்டலை அள்ளி வயல்களில் இட வழி செய்தது. கொள்ளளவு மீள்வதும் நிலம் வளம் பெறுவதும் மறுக்கவொண்ணாத நன்மைகள். ஆனால் அடித்தளம் முழுவதையும் ஒரே கோடையில் சுரண்டிவிட்டால் அக்களஞ்சியமும் வண்டியேறிப் போய்விடும். காற்றும் வெள்ளமும் பறவைகளும் புதிய உயிர்களைக் கொணரும் என்பது உண்மையே. எனினும் அவை வந்து பெருகுவதற்குக் காலம் வேண்டும். மண்ணில் காத்திருப்பவையோ நீர் வந்ததும் எழுகின்றன. ஆதலால் பகுதி பகுதியாகத் தூர் வாருவதும், ஆழமான இடத்தில் ஒரு பட்டையைத் தொடாது விடுவதும் அறிவுடைமை. இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. வேலைத் திட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை வகுப்பறையிலேயே காட்டலாம். வறண்ட ஏரியின் மேல்மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணாடிக் குவளையிலிட்டு, தூய மழைநீர் ஊற்றி வைக்க வேண்டும். சில நாட்கள் கழித்து உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினால், ஆஸ்ட்ரகோடுகள் துள்ளித் திரிவதைப் பெரும்பாலும் காணலாம். வெறும் சேறென்று எண்ணியதில் உயிரைக் கண்ட மாணவன், நாளை தூர் வாரும் பணியை மேற்பார்வையிடும்போது எதை விட்டுவைக்க வேண்டும் என்பதை அறிந்திருப்பான்.