பலகாரமும் பதமும்

சித்திரைப் புத்தாண்டோ தீபாவளியோ அணுகிவிட்டதென்பதை அறிய, ஒரு தலைமுறைக்கு முன்புவரை எமது ஊர்களிலே பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. ஒழுங்கையால் நடந்து சென்றாலே போதும். ஒரு வீட்டிலே அரிசி இடிக்கும் ஓசை கேட்கும்; அடுத்த வீட்டிலே பயறு வறுபடும் மணம் எழும்; அதற்கடுத்த வீட்டிலே தாச்சியில் எண்ணெய் காயும். இன்றோ, திருநாளுக்கு முதல்நாள் மாலையிலே, கடையில் நிறுத்து வாங்கிய பைகள் வீடு வந்து சேர்கின்றன. பலகாரம் வரத்தான் செய்கின்றது. பலகாரம் சுடும் நாள் வருவதில்லை. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். எனினும், ஆசிரியர்களும் பெற்றோரும் சற்றே நின்று சிந்திக்கத்தக்க ஒன்று இதிலே அடங்கியிருக்கின்றது.

கடையில் வாங்குவதே குற்றம் என்று நாம் கூறவரவில்லை. விலைக்குப் பண்ணியம் விற்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சியிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் அப்பம் விற்போர் 'கூவியர்' என்ற பெயராற் சுட்டப்படுவதை இலக்கியம் கற்றோர் அறிவர். பருத்தித்துறை வடையின் புகழும் விலைக்கு விற்கப்பட்டதனாற் பரவியதேயாகும். பிறர் உழைப்பிலே விளைந்த நல்ல பண்டத்தை வாங்கியுண்பதில் இழுக்கொன்றுமில்லை. ஆனால், ஆண்டு முழுவதும் வாங்கியுண்ணும் குடும்பம், ஆண்டிலே ஒரு நாளேனும் கூடியிருந்து செய்துண்ணாதாயின், அந்த வீட்டுப் பிள்ளைகள் எதை இழக்கின்றனர் என்பதே எமது வினா.

எமது பலகாரங்கள் பல, ஒருவர் தனித்துச் செய்யத்தக்கவையல்ல. பயற்றம் பணியாரத்தை எடுத்துக்கொள்வோம். வறுத்துத் திரித்த பயற்றமாவும், வறுத்த தேங்காய்ப்பூவும், ஏலமும் மிளகும் சீரகமும் ஒன்று சேர, அதன்மேற் சீனிப்பாகு வார்க்கப்படுகின்றது. பாகு ஆறிவிட்டால் மா உதிர்ந்துவிடும், உருண்டை பிடிபடாது. ஆகவே, இளஞ்சூடு இருக்கும்போதே பல கைகள் விரைந்து உருட்டுதல் வேண்டும். அங்கேதான் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. சிப்பிப் பலகாரத்துக்கும் அவ்வாறே. பாக்களவு மாவைச் சிப்பியிலோ சீப்பின் பல்லிலோ அழுத்திச் சுருட்டியெடுக்கச் சின்ன விரல்களே பொருத்தமானவை. கொதிக்கும் எண்ணெய்க்கு அருகே பிள்ளைகளை விடாத பெரியோர், பாயிலே அவர்களை இருத்தி இந்த வேலைகளைக் கொடுத்தனர். பத்து உருண்டைகளில் இரண்டு வாய்க்குட் போயின; மூன்று கோணலாயின. கோணலானவற்றையும் அம்மம்மா தோய்த்துப் பொரித்தாள். அந்தக் கோணற் பணியாரம் தன்னுடையதென்று பிள்ளை அடையாளம் கண்டு மகிழ்ந்தது.

இனி, அரியதரத்தைப் பார்ப்போம். தமிழகத்திலே அதிரசம் எனப்படும் அதனையே யாழ்ப்பாணத்தார் அரியதரம் என்கின்றனர். ஊறிய அரிசியை ஈரத்தோடு இடித்து, அரித்து, பாகிலே சேர்க்க வேண்டும். பாகு இளகியிருந்தாற் பலகாரம் எண்ணெயிலே பிரிந்துபோகும், முற்றிவிட்டாற் கல்லாகும். அளவுகோலும் கடிகாரமும் இல்லாதிருந்த அடுப்படியிலே, ஆச்சி ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு துளி பாகை விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, 'பதம் வந்திட்டுது' என்றாள். பதம் என்பதற்குப் பக்குவம் என்றும் பொருளுண்டு; சொல் என்றும் பொருளுண்டு. இரண்டும் ஒரே வழியாற் கைவருவன. நல்ல சொல் எது என்பதை இலக்கண நூல் மட்டும் கற்பித்துவிடாது; நல்லோர் பேசக் கேட்டும் நல்லன பயின்றும் செவியிலே ஊறவேண்டும். பாகின் பதமும் அத்தகையதே. பக்கத்திலே நின்று பார்த்த பிள்ளைக்கே அது வாய்க்கும்.

சொற்களைப் பற்றிப் பேசுவது இலக்கியப் பகுதியொன்றின் கடமையுமாகும். சுளகு, அரிதட்டு, உலக்கை, அகப்பை, கடகம், நீற்றுப்பெட்டி முதலாய பெயர்களை இன்றைய மாணவர் பலர் பாடநூலிலே காண்கின்றனர், பொருளைக் கண்டதில்லை. புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என்னும் மூன்று வினைகளும் சுளகொன்றிலேயே நிகழ்வன எனினும் வேறுவேறானவை. கண்ணாற் கண்ட பிள்ளைக்கு இவ்வேறுபாட்டை விளக்க ஆசிரியர் அரை நிமிடம் செலவிட வேண்டியதில்லை. காணாத பிள்ளைக்கு அரை மணி நேரம் விளக்கியும் பயனில்லை. எண்ணெயிற் பொரிப்பதையும் கல்லில் வார்ப்பதையும் 'சுடுதல்' என்ற ஒரே சொல்லால் நாம் வழங்குவதன் அழகும் அடுப்படியிலேதான் விளங்கும்.

வரலாறும் அங்கே உண்டு. அச்சுப் பலகாரத்தைக் கொக்கிஸ் என்று சிங்கள மக்களும் தமிழரும் வழங்குகின்றனர். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி, 1796 வரை இலங்கையின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தரின் மொழியிலே சிறு இனிப்புப் பண்டத்தைக் குறித்த சொல்லே இதன் மூலம் என்பர். அமெரிக்கர் 'குக்கி' என்பதும் அதே சொல்லின் வழிவந்ததாகும். பெயர் கடல் கடந்து வந்தது. அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் எமது மண்ணிலே சேர்ந்தன. அச்சை முதலிற் கொதியெண்ணெயிலே காய்ச்சிப் பின்னரே கரைசலில் தோய்க்க வேண்டும். காயாத அச்சிலே மா பற்றாது. விளிம்பு மூழ்கத் தோய்த்தாலோ, வெந்த பலகாரம் அச்சைவிட்டுக் கழலாது. ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு விஞ்ஞானமும் அங்கேயே தொடங்குகின்றது.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் இதனை நன்கறிந்திருந்தார். அவருடைய ஆடிப்பிறப்புப் பாடல் பள்ளி விடுமுறையைக் கொண்டாடும் பிள்ளைகளின் வாய்மொழியாக அமைந்தது. கூழையும் கொழுக்கட்டையையும் உண்ணும் இன்பத்தை மட்டும் பாடி அவர் நிறுத்திவிடவில்லை. வறுத்தலும் இடித்தலும் தெள்ளுதலும் துருவுதலும் ஒன்றன்பின் ஒன்றாக அதிலே வருகின்றன. உண்பதற்கு முன் செய்வதையும் பிள்ளைகள் அருகிருந்து கண்டனர் என்பதற்கு அப்பாடலே சான்று.

இன்றைய பிள்ளைகளுக்கு நேரம் எங்கே என்று கேட்பர். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பெயரால் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளின் விடுமுறை நாட்களும் தனியார் வகுப்புகளுக்கு உரியனவாகிவிட்டன. தாய்மாரும் அலுவலகத்திலிருந்து மாலையிலேதான் திரும்புகின்றனர். இக்கேள்வி நியாயமானதே. பழைய நாட்களைப் புகழ்வோர் ஒன்றை மறத்தலாகாது. அந்நாளைய பலகாரத்தின் சுமை முழுவதும் பெண்களின் தோளிலேயே இருந்தது. இடுப்பொடிய இடித்தவர்களும் இரவிரவாகப் புகையில் இருந்தவர்களும் அவர்களே. ஆடவர் திண்ணையிலிருந்து சுவை பார்த்தனர். அந்த வழக்கம் அப்படியே மீளவேண்டும் என்று யாரும் விரும்பார். மாவை இயந்திரம் திரிக்கட்டும். தேங்காயைத் தந்தை துருவட்டும். முறுக்கு உரலை மகன் பிழியட்டும். ஐந்து வகை வேண்டியதில்லை. ஒரு வகை போதும்.

இதைவிடக் கடினமான காலங்களிலும் எம்மவர் இதனை விட்டுவிடவில்லை. 1995 இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் தாம் அடைந்த ஊர்களிலே மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினர். 2022 இல் சமையல் எரிவாயு கிடைக்காதபோது நகரத்து வீடுகளிலும் விறகு புகைந்தது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் எமது உறவினர் பனிக்காலத்திலே முறுக்குப் பிழிகின்றனர். அவர்கள் தொலைபேசியில் ஊரிலுள்ள ஆச்சியிடம் கேட்பது பாகின் பதத்தையே. பதில் சொல்ல ஆச்சி இருக்கும்வரை கவலையில்லை. அடுத்த தலைமுறை யாரிடம் கேட்கும்?

ஆகவே, ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். திருநாளுக்கு முந்திய இரண்டொரு நாட்களேனும் மேலதிக வகுப்புகளை நிறுத்திவையுங்கள். விடுமுறைக்கு வேறு கட்டுரை கொடுக்காது, பாட்டியிடமோ அயலவரிடமோ ஒரு பலகாரத்தின் செய்முறையைக் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவரச் செய்யுங்கள். யாழ்ப்பாணத்துச் சொல்லும், மட்டக்களப்புச் சொல்லும், மலையகச் சொல்லும் ஒரே வகுப்பறையிலே சந்திக்கட்டும். பெற்றோர்க்கும் ஒன்று கூறுவோம். மா சிந்தும், உருண்டை கோணலாகும், நேரம் இரட்டிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுட்டெடுத்த பலகாரத்திலே முதற் பங்கைப் பெட்டியிலிட்டு அயல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது, அதனைப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். தான் உருட்டியதைப் பிறர் உண்ணக் காணும் மகிழ்ச்சியைக் கடையிலே நிறுத்து வாங்க முடியாது.