இடுப்பு வட்டும் ஊசி வைத்தியமும்

இடுப்பில் முதுகெலும்பின் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால்வரை வலி இறங்கி அவதிப்படுகின்றவர்களிடம், “கத்தி வேண்டாம், மருந்து வேண்டாம், அக்குபங்சர் ஊசியால் வட்டைப் பழைய இடத்தில் சேர்த்துவிடுகிறோம்” என்று சிலர் சொல்லிப் பணம் பறித்து வருகின்றார்கள்.

தேகத்தில் “சீ” என்றொரு சக்தி 12 ஓடைகளில் ஓடுகிறதாம். அது தடைப்படுவதுதான் வலியாம். அந்த ஓடையை இதுவரை அறுத்துப் பார்த்துக் கண்டவர் யார்? ஒருவருமில்லை. பிதுங்கிய வட்டே இக்கால்வலிக்குக் காரணமென்று, ஆபரேஷனில் கண்ணால் கண்டதைக் கொண்டு மிக்ஸ்டர், பார் என்னும் அமெரிக்க வைத்தியர்கள் 1934-ல் எழுதினார்கள். நாம் எதை நம்புவது?

“அப்படியானால் குணமானவர்கள் பொய்யர்களா?” என்று கேட்கலாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. வட்டு பிதுங்கியவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தானாகவே தணிகின்றது. பலருக்குப் பிதுங்கிய பாகமும் தானே சுருங்குகின்றது. அந்த வாரங்களில் ஊசி குத்தினால் பெயர் ஊசிக்குப் போகின்றது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது.

ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரைச் சோதித்து 2007-ல் முடிவு வெளியிட்டார்கள். சீன முறைப்படி குத்தப்பட்டவர்களில் 100-க்கு 47.6 பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளிகளை விட்டு வேறிடங்களில் மேலாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 பேருக்கும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 பேருக்கும் குணம் தெரிந்தது. “ஊசிக்கல்லவோ வெற்றி!” என்பார்கள். எங்கே குத்தினாலும் ஏறக்குறைய ஒன்றேயென்றால், ஓடை எதற்கு? புள்ளி எதற்கு? அவற்றைக் கற்றதாகச் சொல்லும் பட்டந்தான் எதற்கு?

வட்டு பிதுங்கிக் கால்வலி கண்டவர்களுக்குப் போலி ஊசியைவிட மெய்யூசி வலியை அதிகம் குறைத்ததென்று 2024-ல் சீனத்திலிருந்து வந்த ஒரு பரிசோதனையையும் நாம் மறைக்கவில்லை. இன்னும் பலர் சோதிக்கட்டும், மெய்யானால் ஒப்புக்கொள்ளுவோம். ஆனால் வலி தணிந்ததென்பதைக் கொண்டு வட்டு உள்ளே போய்விட்டதென்று சொல்லுவது சுத்தப் புரட்டேயாகும்.

இப்புரட்டால் காசு மட்டும் போனால் நாம் இவ்வளவு எழுதமாட்டோம். சிறுநீர் வராமல் நின்றாலும், அறியாமல் வெளியேறினாலும், ஆசனப் பக்கம் மரத்தாலும், கால் துவண்டு போனாலும் ஒரு நாளும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அப்பொழுதுங்கூட “இன்னும் பத்துத் தடவை குத்திப் பார்ப்போம்” என்று நிறுத்தி வைப்பவன், ஒரு மனிதனை ஆயுள் முழுதும் முடமாக்குகின்றவனாவான்.

ஆகையால் தோழர்களே! முதலில் நோய் இன்னதென்று சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஊசிக்காரரிடம் போவதானாலும் அதற்குப் பிறகு போங்கள்.